கையொப்பமில்லாத புகழுரைகள்

புதிய ஊடகங்கள் மக்கள் தொடர்புத் துறையை நேர்மையாக்கிவிட்டன என்றொரு கருத்து பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது. மேலாண்மை நூல்களில் எழுதுகிறார்கள். காட்சித் தொடர்பியல் துறைகளின் கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். அவர்களுடைய வாதத்தின் சாரம் இதுதான்: முன்பு ஒரு நிறுவனம் மக்களிடம் பேச வேண்டுமானால் பத்திரிகை ஆசிரியரின் தயவை நாட வேண்டியிருந்தது. செய்திக்குறிப்பை உறையிலிட்டு அனுப்ப வேண்டும், நிருபர்களைச் சந்திப்புக்கு அழைத்துச் சாப்பாடு போட வேண்டும். இன்று நிறுவனமும் மக்களும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் தரகர் இல்லை. ஆகவே பொய்க்கும் இடமில்லை.

இதன் முற்பாதி ஏறத்தாழ உண்மை. முடிவாகச் சொல்லப்படுவதைத்தான் நான் மறுக்கிறேன். தரகர் எங்கும் போய்விடவில்லை. தம் பெயர்ப்பலகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கூட்டத்துக்குள் புகுந்து, கூட்டத்தில் ஒருவராகப் பேசத் தொடங்கியிருக்கிறார். இந்த இடமாற்றத்தை வெறும் வணிகச் சங்கதி என்று இலக்கிய வாசகர்கள் ஒதுக்கிவிட முடியாது. சொல்லுக்கும் சொல்பவனுக்கும் இடையிலுள்ள உறவு இங்கே அறுபடுகிறது. அந்த உறவைப் பற்றிக் கவலைப்பட நமக்கு எல்லோரையும்விட அதிகக் காரணம் இருக்கிறது.

துறையின் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். 1906இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காகப் பணியாற்ற வந்த ஐவி லீ என்ற முன்னாள் பத்திரிகையாளர், செய்தித்தாள்களுக்கு ஒரு கொள்கை அறிக்கை அனுப்பினார். தாம் நடத்துவது இரகசிய அலுவலகம் அன்று, எல்லா வேலையும் வெளிப்படையாகவே நடக்கும், யார் சார்பில் பேசுகிறோம் என்பதைக் கேட்டால் சொல்வோம் என்பது அதன் பொருள். இந்தத் துறைக்கு ஓர் அறம் உண்டென்றால் அது அன்று எழுதப்பட்டது. அவர் அந்த அறத்தைக் கடைசிவரை காத்தார் என்று சொல்வதற்கில்லை. 1914இல் கொலராடோவின் லட்லோ என்னுமிடத்தில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களும் அவர்களுடைய மனைவி மக்களும் கொல்லப்பட்ட பிறகு, ராக்கஃபெல்லர் குடும்பத்துக்காக லீ தயாரித்த துண்டறிக்கைகளில் பொய்த் தகவல்கள் இருந்தன. எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு ‘நச்சு ஐவி’ என்று பெயர் சூட்டினார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் துண்டறிக்கைகள் சுரங்க நிர்வாகிகளின் பெயரைத் தாங்கி வந்தன. அதனால்தான் பொய் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மக்கள் அறிய முடிந்தது. 1915இல் விசாரணைக் குழு லீயைக் கூண்டிலேற்றிக் கேள்வி கேட்க முடிந்தது. பெயர் இருந்ததால் பொய்க்கு முகவரி இருந்தது.

நம் பக்கத்திலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளராகக் கருதப்படுபவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்திலிருந்து அவருடைய அந்தப் பணி தொடங்குகிறது. அவருக்குப் பின் வந்தவர்களும் சேர்ந்து உருவாக்கிய மரபில், ‘மக்கள் தொடர்பு’ என்ற தலைப்பின்கீழ் ஒருவர் பெயர் திரையில் எழுத்துகள் ஓடும்போதும் சுவரொட்டியின் அடியிலும் இடம்பெறும். படத்தை நல்லபடியாகச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குபவர் இன்னார் என்று தயாரிப்பாளரே ஊரறிய எழுதி ஒட்டினார். பி.ஆர்.ஓ. சொன்னதை நம்புவதும் நம்பாததும் அதன்பின் நம் பாடு.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1999இல் இணையத்தில் வெளியான ‘க்ளூட்ரெய்ன்’ அறிக்கை தொண்ணூற்றைந்து கூற்றுகளில் ஒரு கனவை முன்வைத்தது. சந்தை என்பது உரையாடல், நிறுவனங்கள் மனிதக் குரலில் பேசக் கற்க வேண்டும் என்பது அதன் மையம். அந்தக் கனவு முற்றிலும் வீணாகவில்லை. கனடா நாட்டு இசைக்கலைஞர் டேவ் கேரலின் கிட்டார் 2008இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானப் பயணத்தில் உடைந்தது. மாதக்கணக்கில் அலைந்தும் இழப்பீடு கிடைக்கவில்லை. 2009 ஜூலையில் அவர் அதையே பாட்டாக்கி யூடியூபில் ஏற்றினார். சில நாட்களில் இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அதுவரை அசையாத நிறுவனம் இறங்கி வந்தது. பழைய ஊடகத்தில் இது ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் நான்கு வரியாக முடிந்திருக்கும். ஒரு தனிமனிதனின் குறைக்கு இத்தனை பெரிய முற்றம் முன்பு எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை.

ஆனால் நிறுவனங்கள் இதிலிருந்து கற்ற பாடம் என்ன? மக்களின் குரலுக்கு இவ்வளவு வலிமை இருக்குமானால் அந்தக் குரலையே தயாரித்துவிடலாம் என்பதைத்தான் அவர்களில் பலர் கற்றார்கள். சொல்லப்போனால், கிட்டார் பாட்டுக்கு முன்பே கற்றுவிட்டார்கள். 2006இல் ஒரு தம்பதி வீட்டு வசதியுள்ள வண்டியொன்றில் அமெரிக்காவின் குறுக்கே பயணம் செய்து, இரவுகளில் வால்மார்ட் கடைகளின் வாகன நிறுத்தங்களில் தங்கி, வழியெல்லாம் சந்தித்த வால்மார்ட் ஊழியர்களின் மகிழ்ச்சியை வலைப்பதிவாக எழுதி வந்தார்கள். சாதாரண மனிதர்களின் சாதாரணப் பயணக் குறிப்பு போலவே இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் உண்மை வெளிவந்தது. பயணத்துக்குப் பணம் கொடுத்தது வால்மார்ட்டுக்கு ஆதரவாக உருவாக்கப்பட்ட ஓர் அமைப்பு. அந்த அமைப்பின் பின்னால் இருந்தது எடல்மன் என்ற உலகின் மிகப் பெரிய மக்கள் தொடர்பு நிறுவனங்களில் ஒன்று. அதன் தலைவர் ரிச்சர்ட் எடல்மன் தம் சொந்த வலைப்பதிவில் மன்னிப்புக் கேட்டார். எல்லாம் வெளிப்படையாகவே நடக்கும் என்று ஐவி லீ எழுதிச் சரியாக நூறாண்டு ஆகியிருந்தது.

“மறைவாகச் செய்வது இன்று தொடங்கியதா என்ன? பழைய ஊடகம் மட்டும் யோக்கியமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1929இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்கள் சிகரெட் பிடித்துக்கொண்டு நடந்தது பெண் விடுதலையின் அடையாளமாகச் செய்திகளில் வந்தது. அதை ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ். கூலி கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம். இந்தியாவில் 2009 தேர்தலில் வேட்பாளர்களின் விளம்பரங்கள் செய்தி வேடத்தில் பத்திரிகைகளில் வந்தன. ‘காசுக்குச் செய்தி’ என்ற அந்த நோயைப் பற்றி இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2010இல் அறிக்கையே வெளியிட வேண்டியதாயிற்று. பழைய ஊடகத்துக்குப் புனித நீராட்டு விழா நடத்த நான் வரவில்லை.

இருந்தாலும் இன்று நடப்பது வேறு வகை. பெர்னேஸுக்கு உண்மையான பெண்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் தெருவில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. பத்திரிகை விலைபோனபோதும் அதன் தலைப்பில் பெயர் இருந்தது, ஆசிரியர் ஒருவர் இருந்தார், அடுத்த நாள் அவரைக் கேட்க முடிந்தது. இன்று ஆள் வேண்டியதில்லை, கணக்கு போதும். அந்தக் கணக்கு போலி செய்வது ஆசிரியரையோ நிபுணரையோ அல்ல, உங்களையும் என்னையும்தான்: பக்கத்து வீட்டுக்காரரை, பேருந்தில் உடன் வருபவரை, குழந்தைக்குப் பால்பொடி வாங்கும் தாயை. எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை பேர் விரும்பினார்கள், இத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்னும் எண்ணிக்கை கூடவே வருகிறது. அந்த எண்ணிக்கையே மக்கள் கருத்து என்று நாம் ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டோம். முன்பு மக்கள் தொடர்பாளர் மக்களை இணங்க வைக்க முயன்றார். இப்போது மக்கள் ஏற்கெனவே இணங்கிவிட்டார்கள் என்ற தோற்றத்தை மக்களிடமே விற்கிறார்.

இதன் விலை என்ன என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும். இலண்டனில் இயங்கிய பெல் பாட்டிங்கர் நிறுவனம் மார்கரெட் தாட்சரின் விளம்பர ஆலோசகராக இருந்த டிம் பெல்லின் பெயரைத் தாங்கியது. 2016இல் அது குப்தா சகோதரர்களின் ஓக்பே நிறுவனத்தை வாடிக்கையாளராக ஏற்றது. மாதக் கட்டணம் ஒரு இலட்சம் பவுண்ட். அப்போது குப்தாக்கள் அதிபர் ஜேக்கப் ஜூமாவுடனான நெருக்கத்தால் அரசையே கைப்பற்றிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகியிருந்தார்கள். அந்தக் கேள்வியிலிருந்து நாட்டின் கண்ணைத் திருப்ப ஒரு பரப்புரை நடந்தது. ‘வெள்ளையரின் ஏகபோக மூலதனம்’ என்ற சொற்றொடர் எங்கும் ஒலித்தது; அன்றைய ட்விட்டரில் போலிக் கணக்குகளின் கூட்டமொன்று அதைப் பரப்பியதைத் தென்னாப்பிரிக்க இதழாளர்கள் கண்டறிந்து எழுதினார்கள். நிறவெறியின் காயம் ஆறாத நாடு அது. பொருளாதார ஏற்றத்தாழ்வு அங்கே கற்பனை அன்று, அன்றாட உண்மை. அந்த உண்மையான வலியை எடுத்து ஒரு செல்வக் குடும்பத்துக்குக் கேடயம் செய்து கொடுத்தார்கள்.

2017 ஜூலையில் பெல் பாட்டிங்கர் மன்னிப்புக் கேட்டது. செப்டம்பரில் பிரிட்டனின் மக்கள் தொடர்பு நிறுவனங்களின் சங்கம் அதைக் குறைந்தது ஐந்தாண்டுக்கு வெளியேற்றியது. இனப் பகையைத் தூண்டக்கூடிய பரப்புரை என்பது சங்கத்தின் தீர்ப்பு. அதே மாதத்தில் நிறுவனம் நொடித்துப்போனது. சிலர் இதைத் துறை தன்னைத்தானே திருத்திக்கொண்டதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கசிந்த மின்னஞ்சல்களும், விடாப்பிடியான இதழாளர்களும், ஓர் எதிர்க்கட்சியின் முறையீடும் இல்லாதிருந்தால் இது வெளிவந்திருக்குமா? ஒரு போலிக் கணக்கை யார் இயக்கினார் என்று நிறுவுவது எளிதன்று. அந்த வசதிக்காகவே அது உருவாக்கப்படுகிறது. நிறுவனம் மூடப்பட்டது. ஏழை கறுப்பினத்தவன் இனித் தன் வறுமையைப் பற்றி அந்தச் சொற்களில் பேசினால், இவனுக்கு யார் கூலி கொடுத்தார்கள் என்ற ஐயம் எழுமே, அந்தக் கேட்டை யார் மூடுவது? போலிக் குரல் செய்யும் பெரிய தீங்கு இதுதான். பொய்யை நம்பவைப்பதோடு அது நிற்பதில்லை. உண்மையை நம்ப முடியாததாகவும் ஆக்கிவிடுகிறது.

தென்னாப்பிரிக்கா தூரம் என்று எண்ணுபவர்களுக்காக அருகிலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்கள் துறையில் முதுகலைத் தமிழ் முடித்த மாணவர் ஒருவர் டிஜிட்டல் விளம்பர நிறுவனமொன்றில் உள்ளடக்கம் எழுதும் வேலையில் இருக்கிறார். தமிழ் படித்தவனுக்கு ஆசிரியர் வேலைக்கு வெளியே இன்று கிடைக்கும் சம்பளமுள்ள சில வேலைகளில் இது ஒன்று. ஒருமுறை ஊர் வந்தபோது தம் பணியை விளக்கினார். அவருக்கு ஓர் எக்செல் தாள் தருவார்கள். அதில் இருபது பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, ஊர், தொழில், பேச்சுவழக்கு. ஒரே வீட்டுமனைத் திட்டத்தைப் பற்றி இருபது பேராகவும் இவரே கருத்து எழுத வேண்டும். நெல்லைக்காரர் நெல்லை வழக்கில், கோவைக்காரர் கொங்கு வழக்கில். ஆங்காங்கே எழுத்துப்பிழை விட வேண்டும். ஒவ்வொரு புகழுரையிலும் ஒரு சின்னக் குறையும் சேர்க்க வேண்டும், அப்போதுதான் நம்புவார்களாம். “நாவல்ல வட்டார வழக்கு எப்படி வருதுன்னு நீங்க நடத்துனது ரொம்ப உதவுதுங்க ஐயா” என்றார். கேலியாகச் சொல்லவில்லை; நன்றியோடுதான் சொன்னார்.

அந்த மாணவரை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் அவர் சம்பளத்தை எதிர்பார்த்து நான்கு பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. எளிய மனிதனின் வாய்மொழியை அச்சுக்குக் கொண்டுவரத் தமிழ் உரைநடை பட்ட பாடு கொஞ்சமன்று. கொச்சை என்று பண்டிதர்கள் ஏசியதையும் தாங்கி நம் புனைகதையாளர்கள் அதைச் சாதித்தார்கள். பிழையும் வழக்குச் சொல்லும் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதன் தடயமாக நமக்குப் பழகின. அந்தத் தடயத்தையே இன்று அச்சு வார்த்து எடுக்கிறார்கள். மொழி ஆக்க எந்திரங்கள் வந்துவிட்ட பிறகு அந்த எக்செல் தாளை நிரப்ப என் மாணவர்கூடத் தேவையில்லை. இருபது பேரை இருபதாயிரம் பேராக்க ஒரு பிற்பகல் போதும்.

இலக்கிய நண்பர்கள் இங்கே குறுக்கிடலாம்: “முகமூடி அணிவது இலக்கியத்தின் இயல்புதானே? விருத்தாசலம் புதுமைப்பித்தனாக எழுதவில்லையா? சங்கப் புலவன் தலைவியாகவும் தோழியாகவும் பேசவில்லையா?” பேசினான். ஆனால் அகப்பாடலைக் கேட்பவனுக்கு அது கூற்று என்று தெரியும். கூற்று யாருடையது என்று சொல்வதற்கே ஒரு மரபு இருந்தது. புனைபெயர் பெயரின்மை ஆகாது. புதுமைப்பித்தன் எழுதியதற்குப் புதுமைப்பித்தனே பொறுப்பு, அவரோடு சண்டை போடலாம், பலர் போட்டார்கள். கேட்பவனின் சம்மதத்தோடு அணிவது வேடம். அவன் அறியாமல், அவன் பணப்பையையோ வாக்கையோ குறிவைத்து அணிவதற்கு நம் மொழியில் வஞ்சகம் என்று பெயர்.

புகழ்ந்து பாடுவதையும் பரிசு வாங்குவதையும் நம் மரபு ஒருபோதும் இழிவாகக் கருதியதில்லை. பாடாண் திணை முழுவதும் புகழ்தான். ஆற்றுப்படையை எண்ணிப் பாருங்கள். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையில் வாடும் இன்னொரு கலைஞனை எதிர்ப்பட்டு, தான் பெற்ற வளத்தைச் சொல்லி, இன்னாரிடம் போ என்று வழிகாட்டுவது அதன் இலக்கணம். முடத்தாமக் கண்ணியாரின் பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் பரிசு பெற்றவன் என்ன பெற்றான், என்ன உண்டான், என்ன உடுத்தான் என்பதெல்லாம் விரித்துச் சொல்லப்படுகிறது. இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு பரிந்துரை விளம்பரம். ஆனால் ‘நான் வாங்கினேன்’ என்ற உண்மைதான் அந்தப் பாட்டின் அடித்தளம். அதை எடுத்துவிட்டால் ஆற்றுப்படையே இல்லை. வாங்கியதைச் சொல்வது பாணனுக்குப் பெருமையாக இருந்தது. வாங்கியதை மறைப்பது இன்று தொழில்திறனாகிவிட்டது.

சட்டம் இந்த வேறுபாட்டைத் தாமதமாகவேனும் உணர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009இல் தன் வழிகாட்டுதல்களைத் திருத்தி, பொருளோ பணமோ பெற்று எழுதும் வலைப்பதிவர்கள் அதைத் தெரிவிக்க வேண்டும் என்றது; 2024இல் போலி மதிப்புரைகளுக்குத் தடை விதித்தது. இந்தியாவில் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021இலும், ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் சமூக ஊடகப் பரிந்துரையாளர்களுக்கு நெறிமுறைகள் வகுத்தன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். குற்றம் திரும்ப நடந்தால் ஐம்பது இலட்சம் வரை. நல்லதே. ஆனால் இவை பிரபலங்களைத்தான் எளிதில் பிடிக்கும். முகமுள்ளவனிடம்தானே முகத்தைக் காட்டச் சொல்ல முடியும்? எக்செல் தாளில் வாழும் நெல்லைக்காரருக்கு யார் அறிவிப்பு அனுப்புவது?

துறையினருக்கும் ஒரு சொல். நீங்கள் விதைத்தது உங்கள் வயலிலும் முளைத்துவிட்டது. தமிழ்த் திரையுலகையே பாருங்கள். 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம், முதல் காட்சி முடிந்து வரும் பார்வையாளர்களின் கருத்தைப் படம்பிடிக்கும் யூடியூப்காரர்களைத் திரையரங்க வளாகத்தில் அனுமதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. படம் வெளியாகி மூன்று நாட்களுக்கு விமர்சனத்துக்கே தடை கோரி ஒரு வழக்கும் தொடரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பரில் அப்படித் தடை விதிக்க மறுத்துவிட்டது. திட்டமிட்டு அவதூறு பரப்புகிறார்கள் என்பது தயாரிப்பாளர்களின் புகார். இருக்கலாம். ஆனால் கூலிக்குப் புகழுரை ஊரெங்கும் ஒலிக்கும்போது, கூலிக்கு வசை வராது என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? இரண்டுக்கும் நடுவில், காசு கொடுத்துச் சீட்டு வாங்கிப் படம் பார்த்துவிட்டு மனதில் பட்டதைச் சொல்பவனின் குரல் யாருக்கும் கேட்காமல் போயிற்று. மக்களோடு தொடர்பு கொள்வதற்காகத் தோன்றிய துறை, மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறியும் வழியைத் தானே அடைத்துவிட்டது.

அப்படியானால் தணிக்கை வேண்டும் என்கிறேனா? இல்லவே இல்லை. பெயர் சொல்ல அஞ்ச வேண்டிய நிலையில் இருப்பவர் பெயரின்றி எழுதும் உரிமையும் காக்கப்பட வேண்டும். ஆலையின் கழிவைப் பற்றி எழுதும் தொழிலாளியையும் அந்த ஆலையிடம் கூலி வாங்கிப் பாராட்டும் கணக்கையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. நான் கேட்பது மிகச் சிறியது. பணமோ பொருளோ கைமாறிய இடத்தில் அது சொல்லப்பட வேண்டும், சொல்பவர் யார் பொருட்டுச் சொல்கிறார் என்பது தெரிய வேண்டும். புகழுங்கள், கையொப்பமிட்டுப் புகழுங்கள்.

இதை மற்றவர்களிடம் கேட்பதற்கு முன் நம் வீட்டிலிருந்து தொடங்கலாம். பதிப்பாளர் இலவசமாக அனுப்பிய நூலுக்கு மதிப்புரை எழுதும்போது அதை ஒரு வரியில் குறிப்பிடுவதில் என்ன குறைந்துவிடும்? முன்னுரை எழுதியவரே வெளியீட்டு விழாவிலும் பேசி, பின்னர் நடுநிலை விமர்சகராகவும் இதழில் எழுதும் வழக்கத்தை எத்தனை நாள் காணாததுபோல் கடந்து போவது? நண்பரின் நூல் என்றால் நண்பரின் நூல் என்றே சொல்லிவிட்டுப் பாராட்டுவோம். தான் பெற்ற பரிசு எங்கிருந்து வந்தது என்று பொருநன் கூசாமல் சொன்னான். அதைச் சொல்லக் கூசுகிறவர் கையில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு வாசகருக்கு முழு உரிமை உண்டு.